பதினோரு மணிப் பசிக்கு ஒரு பாடத்திட்டம்

காலிங்பெல்லை அழுத்திவிடாதீர்கள்! முன்னறையில் பாடம் நடக்கிறது. பின்பக்கமாக வாருங்கள். துவைக்கிற கல்லைச் சுற்றி, கறிவேப்பிலை மரத்துக்குக் கொஞ்சம் குனிந்து நுழைந்தால் நேரே அடுப்படி. நாம் பார்க்க வந்த கூத்து அங்கேதான் நடக்கிறது.

கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் இருக்கிற இந்த வீடு என் சித்தி மகளுடையது. பிள்ளைகள் மூன்று பேர். மூவருக்கும் வீட்டில்தான் படிப்பு. மூத்தவள் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத் தயாராகிறாள். நடுவனுக்குக் கணக்கு என்றால் உயிர், கீரை என்றால் ஓட்டம். கடைக்குட்டிக்கு ஏழு வயது. முழுநேரத் தொழில் பொட்டுக்கடலைத் திருட்டு. இவர்களுடைய அப்பாவுக்கு மோட்டார் பம்பு பட்டறையில் வேலை. காலை எட்டு மணிக்குத் தூக்குப்போசியோடு கிளம்பிவிடுவார். என் தங்கச்சி வீட்டில் உட்கார்ந்தபடியே ஓர் ஆடிட்டருக்குக் கணக்கு எழுதுகிறாள். இவர்களுக்கு மேலே, நாற்காலியில் அமர்ந்து நாட்டாமை செய்ய என் சித்தி, அதாவது பிள்ளைகளின் அம்முச்சி. மொத்தம் ஆறு வயிறு. ஒன்றரைச் சம்பளம்.

பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துகிறாய் என்று ஊரே இவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் பெரிய ஆவல் இல்லை. அறிவியல் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று எனக்கே தெரியும். நான் இங்கே வந்து மோப்பம் பிடிக்கும் ரகசியம் வேறு: நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கும் மூன்று பிள்ளைகளுக்கு எப்படியம்மா சோறு போட்டுக் கட்டுப்படியாகிறது?

யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பசி மணியடித்தால்தான் வரும். டப்பாவில் என்ன இருக்கிறதோ அதோடு கதை முடிந்தது. வீட்டில் படிக்கிற பிள்ளைக்குப் பசி பின்ன எண் பாடத்தின் முதல் வரியிலேயே வந்துவிடும்! பத்தடி தூரத்தில் அடுப்படி, அதில் நான்கு டப்பா, பக்கத்தில் ஃபிரிட்ஜ். "அம்மா, பசிக்குது" என்று ஒருவன் ஆரம்பித்தால் மற்ற இருவருக்கும் தொற்றிக்கொள்ளும். மாதக் கடைசியில் பணம் எங்கே போனது என்று பார்த்தால் அரிசியிலும் இல்லை, காயிலும் இல்லை. பிஸ்கட், பிரெட், பாக்கெட் சிப்ஸ், "இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்று செல்போனில் சொல்லி வரவழைத்த பரோட்டா. ஓட்டை அங்கேதான்.

சரி, அந்த அலமாரிக் கதவைத் திறங்கள். மெதுவாக. உள்பக்கம் ஒட்டியிருக்கிறது பாருங்கள், அதுதான் இந்த வீட்டின் சாப்பாட்டுத் திட்டம்! கலர் பேனாவில் முப்பது நாளுக்கு முப்பது ஐட்டம் எழுதிய அட்டவணையை எதிர்பார்த்துத்தான் நானும் முதன்முதலில் திறந்தேன். இருப்பதோ பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிய ஏழே வரி. திங்கள் சாம்பார். செவ்வாய் புளிக்குழம்பு. புதன் பச்சைப்பயறு கடைந்து ரசம். வியாழன் அரிசிம்பருப்பு. இப்படியே ஞாயிறு வரை. எந்த வரியிலும் காயின் பெயர் கிடையாது.

"காய எழுத மறந்துட்டியா?"

"காய நான் எதுக்குங்க்கா எழுதோணும்? அது சந்தைல எழுதிப் போட்டிருக்குமே!"

ஆகா! எனக்குக் கைதட்டத் தோன்றியது. குழம்பைக் கிழமை முடிவு செய்கிறது, காயைச் சந்தை முடிவு செய்கிறது. திங்கட்கிழமை முருங்கைக்காய் சாம்பார் என்று எழுதி வைத்தவள், முருங்கைக்காய் யானை விலை விற்கும் வாரத்திலும் அதை வாங்கித் தொலைக்க வேண்டும். வெறும் சாம்பார் என்று எழுதியவளுக்கு அந்த வாரம் பூசணி மலிவு என்றால் பூசணி, முள்ளங்கி மலிவு என்றால் முள்ளங்கி. பத்திரிகைகளிலும் வீடியோக்களிலும் வருகிற முப்பது நாள் மெனுக்கள் மீது எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அவை பார்வைக்கு அழகு, பர்ஸுக்கு எதிரி. முப்பது வகைச் சமையலுக்கு முப்பது வகைச் சாமான் வேண்டும். பாதி தீர்வதற்குள் வண்டு வைத்துவிடும்.

இந்த யோசனை எங்கே கிடைத்தது என்று கேட்டால் இவள் சத்துணவைக் கைகாட்டுகிறாள். எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் தொடங்கிய திட்டம். கிழமைக்கு இன்ன சாப்பாடு என்று அங்கே பட்டியல் உண்டு. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்தபோதும் அப்படியே: திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல். "அத்தன லட்சம் பிள்ளைகளுக்கு அரசாங்கமே கிழமையப் பார்த்துத்தான் சமைக்குது. நான் மட்டும் தெனமும் வெடியால எந்திரிச்சு, இன்னைக்கு என்ன செய்யிறதுன்னு மண்டைய ஒடச்சுக்கோணுமாங்க்கா?" இவளுடைய பிள்ளைகள் பள்ளிக்குப் போகாததால் அந்த முட்டையும் பொங்கலும் இவர்களுக்கு இல்லை. பட்டியல் போடும் புத்தியை மட்டும் இவள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அடுத்து சந்தை. இது நடுவனின் சாம்ராஜ்ஜியம்! உழவர் சந்தை வாசலில் அன்றைய விலையை எழுதிய பலகை இருக்கும், பார்த்திருப்பீர்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்த காலத்திலிருந்து வருகிற ஏற்பாடு அது. விவசாயியே விற்பார், தராசு சந்தையினுடையது, விலை பலகையில். பையன் ஒரு கோடுபோட்ட நோட்டோடு அதன் முன்னால் நின்று விறுவிறுவென்று எழுதுவான். பிறகு விலை கூடியதிலிருந்து மலிவானது வரை வரிசைப்படுத்துவான். கீழே இருக்கும் நான்கு காய்தான் அந்த வாரத்துக் காய். அப்பீல் கிடையாது! ஒருமுறை கடைசி நான்கில் இரண்டு கீரையாக அமைந்துவிட, பையன் வரிசையையே மாற்றி எழுதப் பார்த்தான். அம்முச்சி பலகையைத் தானே போய்ப் படித்து வந்துவிட்டார்.

தக்காளி விலையை மட்டும் தனியாகக் கட்டம்போட்ட தாளில் வரைந்து வருகிறான். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியதும், அரசே ரேஷன் கடைகளில் அறுபது ரூபாய்க்கு விற்க நேர்ந்ததும் நினைவிருக்கிறதா? அப்படி ஒரு வாரம் வந்தால் இங்கே குழம்பு மாறாது, புளிப்பு மட்டும் மாறும். புளி, மாங்காய், எலுமிச்சை, மோர் என்று ஏதோ ஒன்று தக்காளியின் இடத்தில் உட்கார்ந்துவிடும். தக்காளி இல்லாமலே ரசம் வைக்கத் தெரிந்த ஊர் இது. அடுப்பே மூட்டாமல் பச்சைப்புளி ரசம் கரைக்கும் ஊரில் தக்காளி மிரட்டினால் யார் பயப்படுவது?

ரேஷன் கடைப் பையையும் பார்த்துவிடுவோம். அட்டைக்கு அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடையில் அதே பருப்பு நூறைத் தாண்டி நிற்கிறது. ஆனால் மாதத்துக்கு ஒரே கிலோதான். ஆறு பேருக்கு அது மூன்றாவது வாரமே மூச்சு வாங்கும். அதனால்தான் இங்கே பச்சைப்பயறு, தட்டப்பயறு, கொள்ளு எல்லாம் முறைவைத்து வருகின்றன. கொள்ளு வாங்குவதை ஏழ்மையின் அடையாளமாக நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிற சாமானுக்கு அந்த அவமானம் தேவையில்லை. கொங்குநாட்டுக்காரர்கள் கொள்ளுப்பருப்பு கடைந்து, வேகவைத்த தண்ணீரில் ரசமும் வைத்துவிடுவார்கள். ஒரு பயறு, இரண்டு பதார்த்தம், ஒரே விசில் கணக்கு!

ரேஷன் அரிசி எங்கே போகிறது? பெரும்பகுதி கிரைண்டருக்குள். வாருங்கள், இதுதான் ஞாயிறு மதிய நேரத்துப் பெரிய காட்சி. இட்லி அரிசி பாதி, ரேஷன் புழுங்கலரிசி பாதி. அளப்பது கடைக்குட்டி. அளக்கும் பாத்திரம் அம்முச்சியின் கல்யாணச் சீரில் வந்த ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அரைக்கால், கால், அரை, ஒன்று! புத்தகத்தில் பிஸ்ஸா படம் போட்டுச் சொல்லித்தருகிற பின்ன எண் பாடம் இங்கே அரிசிக் கையோடு முடிந்துவிடுகிறது. ஒரு படி அரிசிக்கு ஓர் உழக்கு உளுந்து, அப்படியென்றால் எத்தனைக்கு எத்தனை? "நாலுக்கு ஒண்ணு" என்று கத்திக்கொண்டே ஒரு கை பொட்டுக்கடலையை வாயில் போட்டுக்கொள்கிறான். நாங்கள் பார்க்கவில்லை என்று நினைப்பு.

உளுந்து தனியாக, நிறையத் தண்ணீர் தெளித்துத் தெளித்து. கல் உப்புப் போட்டுக் கையால் கலக்க வேண்டும், இது மூத்தவளின் வேலை. ஒரு கண்ணாடி ஜாடியில் மட்டும் கொஞ்சம் மாவை ஊற்றி, அதன் மட்டத்தில் ரப்பர் பேண்டு மாட்டி வைத்துவிடுவாள். காலையில் மாவு ரப்பர் பேண்டைத் தாண்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பாள். லூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியாவின் பெயரை இந்த வீட்டில் அம்முச்சிகூடச் சொல்வார், தன் பாணியில்: "அந்த லூக்கா இன்னைக்குச் சரியா வேல செய்யலீங்." மார்கழியில் குறைவு, சித்திரையில் கிடுகிடு. அறிவியல் நோட்டில் அது ஆய்வறிக்கை. ஆறு பேருக்கு அது திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புளிப்பு ஏறியதும் வெங்காயம் தூவி ஊத்தப்பம், கடைசி வழித்தெடுப்பு சாயங்காலம் குழிப்பணியாரம். ஒருமுறை அரைத்த மாவு ஒவ்வொரு நாளும் வேறு வேஷம் போட்டு வருகிறது, பிள்ளைகளுக்கும் அலுப்பதில்லை.

மாவு அரைபடும் நேரத்திலேயே கூடத்தில் ஒரு பாய். நடுவில் சின்ன வெங்காய மலை. தண்ணீரில் போட்டு ஊறிய வெங்காயத்தை ஆளாளுக்கு உரிக்க வேண்டும். பம்பு பட்டறை அப்பாவும் தப்ப முடியாது. உரிக்கும்வரை மூத்தவள் வரலாற்றுப் பாடத்தை உரக்கப் படிப்பாள். கேட்பவர்கள் எல்லோரும் கண்ணீர் விடுவார்கள். பானிப்பட்டுப் போருக்கு இத்தனை பேர் அழுது நான் பார்த்ததில்லை!

இப்போது அசல் ரகசியம். இரவு ஒன்பது மணிக்கு மேல் அடுப்படியில் என்ன நடக்கிறது என்று ஒளிந்திருந்து பாருங்கள். விளக்கை அணைக்கும் முன் இவள் ஒரு கிண்ணத்தில் கொண்டைக்கடலையோ தட்டப்பயறோ போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறாள். அவ்வளவுதான். மறுநாள் எவ்வளவு அலுப்பு வந்தாலும், ஆடிட்டர் அவசரம் என்று கூப்பிட்டாலும், அந்தப் பயறு ஊறி உட்கார்ந்திருக்கிறது. வேகவைத்தே ஆக வேண்டும், விட்டால் நாறிவிடும். செல்போனை எடுத்து வெளிச்சாப்பாடு சொல்லக் கை போகும்போது அந்தக் கிண்ணம் குறுக்கே வந்து நிற்கும். கதவில் ஒட்டிய தாளை யாரும் மீறலாம். ஊறிய பயறை மீற முடியாது. என்னைக் கேட்டால் இந்த வீட்டின் சிக்கனமே அந்தக் கிண்ணத்தில்தான் இருக்கிறது.

அதிலிருந்து ஒரு கை அள்ளித்தான் பதினோரு மணி டப்பா. பாடத்தோடு பாடமாக அதற்கும் நேரம் குறித்தாயிற்று! மணி பதினொன்று ஆனதும் டப்பா திறக்கும், அதற்கு முன் ராஜாவே வந்தாலும் திறக்காது. சுண்டல், இல்லையென்றால் அவித்த நிலக்கடலை, இல்லையென்றால் பொட்டுக்கடலையும் வெல்லமும், வெயில் காலத்தில் கம்பங்கூழோ ராகிக்கூழோ மோர்விட்டு. நூறு கிராம் ராகியில் முந்நூற்று நாற்பது மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து என்று மூத்தவள் சுவரில் எழுதியே வைத்திருக்கிறாள். பூவன் பழச் சீப்பு எப்போதும் கண்ணெதிரே தொங்கும்; அதற்கு மட்டும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நேரம் தெரிந்தால் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். நேரம் தெரியாதபோதுதான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்கிறார்கள். பிஸ்கட் செலவு இங்கே ஏறக்குறைய நின்றே போய்விட்டது.

வியாழக்கிழமை வந்தால் தவறவிடாதீர்கள், அன்று ஓட்டப்பந்தயம். காலையில் ஆடிட்டர் அலுவலகத்தோடு இவளுக்கு நீண்ட போன் பேச்சு. அடுப்படி மூத்தவள் கையில். குக்கரில் எண்ணெய், கடுகு, சீரகம், தட்டிய பூண்டு, வரமிளகாய், அந்த ஞாயிற்றுக்கிழமை உரித்த வெங்காயத்தில் ஒரு பிடி, மஞ்சள்தூள். மூன்று ஆழாக்கு அரிசி, ஓர் ஆழாக்குத் துவரம்பருப்பு. மூடி போட்டு மூன்று விசில். அரிசிம்பருப்பு தயார்! ரேஷன் விலைக்குக் கணக்குப் பார்த்தால் அந்தப் பருப்பின் விலை ஆறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். மேலே ஒரு சொட்டு நெய், பக்கத்தில் தயிரும் அப்பளமும். கொங்குநாட்டுக் கல்யாண வீட்டுக்காரர்கள்கூட வேலை மிகுந்த நாளில் இதைத்தான் நம்புகிறார்கள். தொண்டைக்குழியில் வழுக்கிக்கொண்டு போகிற சாப்பாடு. போனை வைத்துவிட்டு என் தங்கச்சி வரும்போது தட்டு வைத்தாயிற்று.

ஞாயிறு கறியும் உண்டு, பயப்படாதீர்கள். ஆறு பேருக்கு முக்கால் கிலோ கோழி. பள்ளிபாளையம் முறையில் வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பல்லும் போட்டுப் புரட்டுவார்கள். தேங்காய்த் துண்டு எது, கறித்துண்டு எது என்று தெரியாமல் எல்லோரும் ஆவலோடு எடுத்துக் கடிக்கிறபோது எழும் கூச்சலைக் கேட்க வேண்டுமே! முட்டைக்குப் பஞ்சமில்லை, நாமக்கல் பக்கத்தில்தான். முப்பது முட்டை அட்டை ஒன்று எப்போதும் இருக்கும். தினசரியில் நாமக்கல் முட்டை விலை பார்ப்பதும் நடுவனின் பணிகளில் ஒன்று. விலை இறங்கிய அன்று ஓடிவந்து அறிவிப்பான், ஏதோ தங்கம் இறங்கியதுபோல.

திட்டம் தடுமாறும் காலமும் உண்டு. ஜூலை வந்தால் வருமான வரிக் கணக்குத் தாக்கல். என் தங்கச்சியின் தலை தெரியாது. திடீரென்று ஒறம்பரை நான்கு பேர் வந்து இறங்குவார்கள். அதற்கென்றே மேல்தட்டில் ஒரு படை: புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, கொள்ளுப்பொடி, தக்காளி மலிந்தபோது சுண்டவைத்த தொக்கு, சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் பிழிந்த வடகம். அந்த மாதத்துக்கு இந்த வீட்டில் பெயரே பொடி மாதம். சோறு ஒன்றுதான் வடிக்க வேண்டும், மீதியை ஜாடிகள் பார்த்துக்கொள்ளும். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும். அப்பாவுக்கு அதுதான் பிடித்த நாஷ்டாவே.

இதெல்லாம் சும்மா வருகிறது என்று நான் ஏமாற்ற மாட்டேன். ரூபாயில் மிச்சமாவது உழைப்பில் செலவாகிறது. வெங்காயம் உரிக்க, மாவு வழிக்க, பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் எப்போதும் அம்மாவாகவே இருந்தால் இந்தத் திட்டம் ஒரு மாதம் தாங்காது. இருவரும் வெளியே வேலைக்குப் போகிற வீட்டில் இதை அப்படியே பொருத்தவும் முடியாது. இங்கே நடக்கிறது என்றால், பாய் விரித்ததும் ஆறு பேரும் உட்காருகிறார்கள். அதுதான் காரணம். "பசங்களுக்கு வேல வைக்கிறயே, பாவமில்லையா" என்று கேட்ட ஒறம்பரைக்கு அம்முச்சி சொன்ன பதில்: "தின்னற வாயிருக்குதல்ல? கையுமிருக்கட்டும்!"

உங்கள் வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்குப் போனாலும் சரி, வீட்டில் படித்தாலும் சரி, கோடை விடுமுறை ஒன்று வரத்தான் போகிறது. அதற்குமுன் கலர் பேனாவும் அட்டவணையும் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். ஏழு கிழமைக்கு ஏழு குழம்பை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டுங்கள். இன்றிரவு படுக்கப் போகுமுன் ஓர் ஆழாக்குக் கொண்டைக்கடலையை ஊறப் போட்டுவிடுங்கள்.